கிறித்தவ மறையில் மெய்விசுவாசம்

கடவுள் உண்டென்று உடன்படுதல் வேறு; கடவுளை நம்புதல் வேறு. இவ்வேற்றுமை எல்லாச் சமயத்தாரானும் எளிதிற் கூறப்படுவது. எல்லாச் சமயத்தாரானும் எளிதில் மறக்கப்படுவதுமாம். கிறித்தவர்தம் மறைநூல் இவ்வேற்றுமையை எங்ஙனம் காண்கின்றது, கடவுளிடத்து மெய்யான விசுவாசம் என்று அந்நூல் எதனைக் கொள்கின்றது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சைவநூற் பயிற்சியுடைய நமக்கு இவ்வாராய்ச்சியாற் போந்த பயன் என்னை எனின், கூறுதும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் ஒவ்வொரு மதத்தையும் அம்மதத்தார் கூறுமாறே முதற்கண் நிறுத்திப் பின்னரே மறுக்கின்றார். பிறர் கொள்கையைத் திரித்துக் கூறி மறுத்தல் வெற்றியாகாது என்பது அம்முறையாற் பெறப்படும். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றார்கள். அம்மொழிபெயர்ப்பு 1850-ஆம் ஆண்டில் அச்சேறியது. அதன் பின்னரே, 1854-ஆம் ஆண்டில், நாவலர் அவர்களின் சைவதூஷண பரிகாரம் வெளிவந்தது. மறுக்கப் புகுவார் முன்னர்க் கற்றல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

நம்மவருட் சிலர் கிறித்தவத்தின்மேல் ஒரு குற்றம் ஏற்றுவர். அச்சமயத்தார் வெறும் விசுவாசத்தாலேயே வீடுபேறு எய்தலாம் என்பர். ஆதலின் அவர்க்கு ஒழுக்கம் வேண்டப்படுவதன்று. தீவினை செய்தானும் நாவினால் அறிக்கையிட்ட அளவில் உய்வான் என்பது அவர்தம் துணிபு என்பதே அக்குற்றம். கிறித்தவ போதகர் சிலரது பேச்சும் இக்குற்றத்திற்கு இடந்தருவதாகவே உளது. ஆயினும் போதகர் கூற்று வேறு, மறைநூற் கருத்து வேறு. குற்றம் அம்மறைக்கே உரியதாயின் நாம் அதனை எடுத்துக்காட்டுதல் முறை. உரியதன்றாயின் விட்டொழிதல் முறை. இரண்டனுள் எது உண்மை என்பதே ஈண்டு எழும் வினா.

சொற்பொருள்

முதற்கண் சொல்லை நோக்குவாம். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேய மொழியில் இயன்றது. புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் இயன்றது. எபிரேயத்தில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல் எமுனா என்பது. உறுதியாய் நிற்றல், அசையாமை என்பன அதன் அடிப்படைப் பொருள். யாத்திராகமத்தின் 17-ஆம் அதிகாரத்தில் ஒரு செய்தி உளது. அமலேக்கியரோடு போர் நிகழுங்கால் மோசே குன்றின்மேல் இருந்து கைகளை உயர்த்துகின்றார். கைகள் சோர்கின்றன. இருவர் இருமருங்கும் நின்று தாங்க, அவை ஞாயிறு படுமளவும் தளராது நின்றன. அத்தளராமையைக் குறிக்க அந்நூல் ஆளும் சொல் எமுனா என்பதே. விசுவாசம் என்பது முதற்கண் கருத்தளவில் நிகழ்வதொன்றன்று, சோர்வு வந்துழியும் தாழாத கையின் நிலையே என்பது இதனால் இனிது விளங்கும். கிறித்தவர் வழிபாட்டிறுதியிற் கூறும் ஆமென் என்னுஞ் சொல்லும் இவ்வேரிற் பிறந்ததே.

கிரேக்கத்தில் இதற்கு நேரான சொல் பிஸ்திஸ் என்பது. பிறரை நம்புதல், பிறரால் நம்பத்தக்க தன்மை, கொடுத்த வாக்கிற் பிறழாமை ஆகிய இவையனைத்தும் அச்சொல்லில் அடங்கும். யோவான் இயற்றியதாக வழங்கும் சுவிசேடத்தில் ஒரு நுட்பம் காணப்படுகின்றது. நம்புதல் என்னும் வினைச்சொல் அதன்கண் ஏறத்தாழ நூறிடங்களில் வருகின்றது. பிஸ்திஸ் என்னும் பெயர்ச்சொல்லோ ஓரிடத்தேனும் வருவதில்லை. விசுவாசம் என்பது ஒருவன் பெட்டியிற் பூட்டி வைத்திருக்கும் உடைமையன்று, இடைவிடாது செய்துவரும் செயல் என்பதை இவ்வாட்சி உணர்த்துவது போலும்.

மேலைத் திருச்சபையார் தம் விசுவாச அறிக்கையைத் தொடங்கும் இலத்தீன் சொல் கிரேதோ என்பது. அச்சொல்லும் வடமொழிச் சிரத்தை என்னும் சொல்லும் ஒருவேரிற் கிளைத்தவை. நெஞ்சினை ஒன்றன்கண் வைத்தல் என்பது அவ்வேர்ப்பொருள் என்று மொழிநூலார் பலர் கூறுவர். நம் நூல்களிற் பயின்ற சொல்லொன்று உரோமாபுரியின் வழிபாட்டிலும் உடன்பிறப்பாய் நிற்றல் கருதத்தக்கது.

தமிழ்க் கிறித்தவர் நெடுங்காலமாக வழங்கும் சொல் விசுவாசம். அது சுவாசம் என்னும் மூச்சின் பெயரோடு தொடர்புடையது. அச்சமின்றி மூச்சுவிடுதல் என்பது அதன் பழம்பொருள். தமிழ் வழக்கில் அச்சொல் நன்றி மறவாமையையும் குறிக்கும். உண்ட இல்லத்திற்கு இரண்டகம் நினையாதவனை விசுவாசமுள்ளவன் என்கின்றோம் அன்றோ? 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொதுமொழிபெயர்ப்பு நம்பிக்கை என்னும் சொல்லை ஆளுகின்றது. அச்சொல்லின் முதனிலையாகிய நம்பு என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் நசை, அஃதாவது விருப்பம், என்று பொருள் கூறுதலை அறிஞர் அறிவர். ஆகவே நிலைபெயராமை, வாக்குப் பிறழாமை, நெஞ்சினை வைத்தல், நன்றி மறவாமை, நசை என்று இச்சொற்கள் யாவும் ஒருமுகமாய்ச் சுட்டுவது அன்பினால் ஒருவரைப் பற்றி நிற்றலையே. ஒரு கூற்றினை மெய்யென ஒப்புதல் அதன் ஒருகூறு, முழுமையன்று.

பவுலும் யாக்கோபும்

இனி, மேற்கூறிய குற்றத்திற்குக் காரணமாக நிற்பன பவுல் அப்போஸ்தலர் உரோமர்க்கும் கலாத்தியர்க்கும் எழுதிய நிருபங்கள். மனிதன் நியாயப்பிரமாணத்தின் செயல்களானன்றி விசுவாசத்தினாலேயே நீதிமானாகின்றான் என்பது பவுலின் துணிபு. அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஆபிரகாம். ஆதியாகமத்தின் 15-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் கடவுளை நம்பினான், அது நீதியாக எண்ணப்பட்டது. விருத்தசேதனம் என்னும் சடங்கோ 17-ஆம் அதிகாரத்தில் வருவது. ஆதலிற் சடங்கிற்கு முன்னரே நம்பிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பர் அவர்.

யாக்கோபின் நிருபமோ இதற்கு மாறாகத் தோன்றும். செயலில்லாத விசுவாசம் செத்தது என்பது அதன் கருத்து. அவரும் அதே ஆபிரகாமையே காட்டுகின்றார். ஆனால் மகனைப் பலிபீடத்திற் கிடத்திய 22-ஆம் அதிகாரத்து ஆபிரகாமை. விசுவாசம் மாத்திரம் என்னும் தொடர் புதிய ஏற்பாட்டிலே ஒரே ஓரிடத்தில் வருகின்றது. அது யாக்கோபு நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில். ஆண்டும் அது மறுக்கப்படுதற்கே எடுத்துக் கூறப்பட்டுள்ளது. மார்ட்டின் லூத்தர் 1522-ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாட்டைச் செர்மானிய மொழியில் பெயர்த்தபொழுது, உரோமர் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், கிரேக்க மூலத்தில் இல்லாத மாத்திரம் என்னும் சொல்லைச் சேர்த்தார். பவுலின் கருத்தை விளக்கவே சேர்த்ததாகப் பின்னர் அமைதியும் கூறினார். யாக்கோபின் நிருபத்தை அவர் வைக்கோலுக்கு ஒப்பிட்டு இகழ்ந்ததும் அவ்வாண்டின் முன்னுரையிலேயே. பின்வந்த பதிப்புகளில் அவ்விகழ்ச்சி நீக்கப்பட்டது. கத்தோலிக்கர் 1547-ஆம் ஆண்டில் திரெந்து நகரச் சங்கத்தில் லூத்தரின் கொள்கையை மறுத்துத் தீர்ப்பு வகுத்தனர். இவ்வொரு சொல்லின்பொருட்டு மேனாட்டுக் கிறித்தவம் பல நூற்றாண்டு பிளவுபட்டு நின்றது. 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ஆகுஸ்பர்க்கு நகரில் இருசாராரும் இப்பொருள் பற்றிய ஒரு கூட்டறிக்கையிற் கைச்சாத்திட்டனர்.

இருவர் கூற்றும் முரணுமோ எனின், அவரவர் எதிர்நின்றார் யாவர் என்பதை நோக்கின் முரணாமை விளங்கும். பவுலுக்கு எதிர்நின்றவன், தான் செய்த சடங்குகளைக் கணக்கிட்டுக் கடவுளைத் தனக்குக் கடன்பட்டவராக எண்ணுபவன். யாக்கோபுக்கு எதிர்நின்றவன், கடவுள் ஒருவர் என்று தான் ஒப்பியதையே விசுவாசம் என எண்ணுபவன். முன்னவன் செயலைக் கூலிவேலை ஆக்கினான். பின்னவன் விசுவாசத்தை வெறுங்கொள்கை ஆக்கினான். பவுல் அவனை மறுத்தார். யாக்கோபு இவனை மறுத்தார்.

யாக்கோபின் மறுப்பு மிகக் கூரியது. கடவுள் ஒருவர் என்று பேய்களும் நம்புகின்றன, நம்பி நடுங்குகின்றன என்பர் அவர். கொள்கையளவிற் பிழையின்மையே விசுவாசமாயின் பேய்களே தலையாய விசுவாசிகள் ஆதல் வேண்டும். மேலும், ஆடையும் உணவும் இன்றி நிற்கும் ஒருவனை நோக்கி, குளிர்காய்ந்து வயிறார உண்டு இன்புற்றிரு என்று வாயாற் கூறி, வேண்டுவன கொடாது அனுப்பினால் அதனாற் பயன் என்னை என்று அவர் வினாவுகின்றார். அதன்பின் வரும் உவமை உற்றுநோக்கத்தக்கது. உயிரில்லாத உடல் செத்ததாதல் போலச் செயலில்லாத விசுவாசமும் செத்தது என்கின்றார். விசுவாசமே உயிர், செயல் அதற்கு உடல் என்று உவமிப்பார் என நாம் எதிர்பார்ப்போம். அவரோ விசுவாசத்தை உடலாகவும் செயலை உயிர்ப்பாகவும் வைத்தார். மூச்சோடு தொடர்புடைய விசுவாசம் என்னும் சொல் இவ்விடத்து எத்துணைப் பொருத்தமாய் நிற்கின்றது!

பவுலும் இதற்கு உடன்பாடுடையவரே. உரோமர் நிருபத்தின் தொடக்கத்தும் முடிவினும் விசுவாசத்திற்குரிய கீழ்ப்படிதலைக் கூறுகின்றார். கலாத்தியர்க்கு எழுதுங்கால், பயனுடையது அன்பின் வழியாகச் செயற்படும் விசுவாசமே என்கின்றார். கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்திலோ, மலையைப் பெயர்க்கும் விசுவாசம் உடையனாயினும் அன்பில்லையேல் தான் ஒன்றுமில்லாதவன் என்று முடிவு கட்டுகின்றார். லூத்தரும் உரோமர் நிருபத்திற்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, நன்மை செய்யாதிருக்க மாட்டாதது என்றே விளக்கினார். ஆதலின், ஒழுக்கம் வேண்டா என்பது பவுல் கருத்தும் அன்று, லூத்தர் கருத்தும் அன்று.

அற்றேல், செயலே போதும், விசுவாசம் மிகையாம் பிற எனின், அதுவும் அம்மறைக்கு உடன்பாடன்று. மத்தேயு சுவிசேடத்தின் 7-ஆம் அதிகாரத்தில், ஆண்டவரே ஆண்டவரே என்று அழைப்போர் எல்லாரும் பரமராச்சியம் புகார் என்று இயேசுநாதர் கூறுகின்றார். நாவின் அறிக்கை இதனால் மறுக்கப்பட்டது. அதனையடுத்து, அவர் பெயரால் பேயோட்டினோம், அற்புதம் பல செய்தோம் என்று தம் செயல்களை எடுத்துரைப்போரும் அகற்றப்படுகின்றனர். செயலின் தருக்கும் இதனால் மறுக்கப்பட்டது. அதே நூலின் 25-ஆம் அதிகாரத்தில் ஏற்றுக்கொள்ளப்படுவோர் யாவர்? பசித்தவர்க்கு உணவும் தாகமுற்றவர்க்கு நீரும் அளித்தவர். சிறைப்பட்டாரைச் சென்று கண்டவர். ஆண்டவர்க்கே செய்தீர்கள் என்று சொல்லப்பட்டபொழுது, யாம் எப்பொழுது செய்தோம் என்று அவர் வியக்கின்றனர். தம் செயலைத் தாமே அறியாத இவ்வியப்பு மெய்விசுவாசத்திற்கு ஓர் அடையாளம். கணக்கு வைத்திருப்பவன் வியவான்.

கைம்மாறு கருதாமை

மெய்விசுவாசத்திற்கும் பொய்விசுவாசத்திற்கும் உள்ள எல்லையை யோபின் ஆகமம் ஒரு வினாவில் அடக்கிவிடுகின்றது. அவ்வினாவை எழுப்புபவன் சாத்தான். யோபு வீணாகவா கடவுளுக்கு அஞ்சுகின்றான், அவனுக்குள்ளனவற்றையெல்லாம் வேலியிட்டுக் காக்கின்றீர் அல்லவா என்பது அவன் கேட்பது. வினவியவன் பகைவனேயாயினும் வினா நேரிது. மக்கட்பேறும் செல்வமும் உடல்நலமும் பெறுதற்காகக் கடவுளைத் தொழுவான் தொழுவது கடவுளையோ, அப்பேறுகளையோ? அவை நீங்கியபின் எஞ்சுவது யாதோ அதுவே அவனுடைய விசுவாசம்.

இக்கருத்து அம்மறையில் மேன்மேலும் வலியுறுகின்றது. தானியேல் ஆகமத்தின் 3-ஆம் அதிகாரத்தில் மூன்று இளைஞர் பொற்சிலையை வணங்க மறுத்துத் தீச்சூளைக்கு முன் நிறுத்தப்படுகின்றனர். தம் கடவுள் தம்மைக் காக்க வல்லவர் என்று அவர் அரசனுக்கு விடையிறுக்கின்றனர். அதனோடு நின்றிருப்பின் அது நம்பிக்கையுள்ளார் பலரும் கூறும் விடையாய் முடிந்திருக்கும். அவர் அவ்வளவில் நில்லாது, காவாதொழியினும் சிலையை வணங்கோம் என்றனர். காவாதொழியினும் என்னும் இவ்வொரு சொல்லிலேயே வாணிபம் முடிந்து விசுவாசம் தொடங்குகின்றது. ஆபகூக் என்னும் தீர்க்கதரிசியின் நூல், அத்திமரம் பூவாதொழியினும், திராட்சை பழம் கொடாதொழியினும், தொழுவத்தில் மாடில்லாதொழியினும் தான் ஆண்டவரிடத்து மகிழ்வேன் என்ற உறுதியோடு முடிகின்றது.

எபிரெயர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் விசுவாசிகளின் வரலாற்றைத் தொகுத்துரைப்பது. அதனுட் சிலர் சிங்கத்தின் வாயினின்றும் தப்பினர். வேறு சிலர் கல்லெறியுண்டும் வாளால் வெட்டுண்டும் இறந்தனர். இருதிறத்தாரையும் அந்நூல் ஒரே வரிசையில் வைக்கின்றது. தப்பினவன் விசுவாசம் மிக்கவன், இறந்தவன் விசுவாசம் குறைந்தவன் என்று அது கூறவில்லை. ஆதலின், நம்பினால் நோய் தீரும், நம்பினால் பொருள் பெருகும், தீராதும் பெருகாதும் இருப்பின் உன் நம்பிக்கையிலே குறை என்று எவரேனும் பறைவராயின், அவர் கூற்று இவ்வதிகாரத்திற்கு மாறானது. இயேசுநாதரே கெத்செமனே தோட்டத்தில் துன்பப் பாத்திரம் தம்மை விட்டு நீங்குமாறு வேண்டினார், அது நீங்கவில்லை. தம் விருப்பன்று, தந்தையின் விருப்பே ஆகுக என்று அவ்வேண்டுகோள் முடிந்தது.

இங்ஙனமாயின் ஐயமே எழாத உறுதிதான் விசுவாசமோ எனின், அன்று. மாற்கு சுவிசேடத்தின் 9-ஆம் அதிகாரத்தில், பேய் பற்றிய மகனைக் கொண்டுவந்த ஒரு தந்தை, நம்புகிறேன் என்று கதறி, அம்மூச்சிலேயே தன் நம்பிக்கையின்மைக்கு உதவுமாறும் இரக்கின்றான். அவன் குறை மறைத்திலன், மறைத்திலாமையால் தள்ளுண்டிலன், மகனும் நலம் பெற்றான். ஐயத்தை ஒளித்து உறுதியை நடிப்பதினும், ஐயத்தையும் கடவுள் திருமுன்னர் வைப்பதே மெய்ம்மைக்கு அணித்து என்பது இதனாற் பெறப்படும்.

ஒரு கடாவும் அதன் அருமையும்

விசுவாசத்தின் தந்தை எனப்படும் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட எழுந்தது அறமாகுமோ என்பது மேனாட்டு அறிஞர் பலரை வருத்திய வினா. இம்மானுவேல் காண்டு 1798-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், மகனைக் கொல்லலாகாது என்பது உறுதி, கொல்லப் பணிக்கும் குரல் கடவுளுடையது என்பதோ உறுதியன்று, இதனையே ஆபிரகாம் விடையாகக் கூறியிருத்தல் வேண்டும் என்று எழுதினார். தென்மார்க்கு நாட்டுக் கீர்க்ககாடு என்பார் 1843-ஆம் ஆண்டில் வெளியிட்ட அச்சமும் நடுக்கமும் என்னும் நூலில், பொதுவறத்தையும் கடந்து நிற்பதொன்றாக ஆபிரகாமின் விசுவாசத்தைக் கண்டு அஞ்சி வியந்தார்.

இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாற்றை ஓதுவார்க்கு இதே வினாவைப் பிறர் விடுத்தலும், நாம் விடைகூற முயல்தலும் பலகாலும் நிகழ்ந்தனவே. பிறர் நூலை வினவும் வினாவை நம் நூலின்கண்ணும் வினவுதலே நேர்மை. இரண்டிடத்தும் இறுதியில் மகன் உயிரோடிருக்கின்றான். இரண்டிடத்தும் அவ்விறுதி தந்தைக்கு முன்னர்த் தெரியாது.

கிறித்தவ மறை இவ்வரலாற்றைப் பிறர் பின்பற்றத்தக்க விதியாக வைத்ததோ எனின், இல்லை. ஆபிரகாமின் கை தடுக்கப்படுகின்றது. பிள்ளைகளை நெருப்பிலிடுமாறு தாம் கட்டளையிட்டதுமில்லை, அது தம் சிந்தையில் எழுந்ததுமில்லை என்று கடவுள் கூறியதாக எரேமியா ஆகமத்தின் 7-ஆம் அதிகாரம் உரைக்கின்றது. யோவான் சுவிசேடத்தின் 16-ஆம் அதிகாரத்தில், உங்களைக் கொல்பவன் கடவுளுக்குத் தொண்டு செய்வதாக எண்ணும் காலம் வரும் என்று இயேசுநாதர் தம் மாணாக்கரை எச்சரிக்கின்றார். உறுதி மிகுந்திருத்தல் ஒன்றே விசுவாசத்தின் மெய்ம்மைக்குச் சான்றாகாது என்பது இவ்வெச்சரிக்கையால் விளங்கும். சான்று வேறு. கண்ட சகோதரனிடத்து அன்பில்லாதான் காணாத கடவுளிடத்து அன்பு செய்தல் யாங்ஙனம் என்று யோவானின் முதல் நிருபம் கேட்கின்றது. யாக்கோபு ஆபிரகாமைக் கூறிய உடனே எரிகோ நகரத்து இராகாபு என்னும் பரத்தையைக் கூறினமையும் காண்க. அவள் செய்தது தன்னிடத்து ஒளிந்த அயலார் இருவருடைய உயிரைக் காத்தது. ஆபிரகாம் செயலாற் கலங்கிய நெஞ்சிற்கு இராகாபின் செயல் ஒருவாறு அமைதி தருகின்றது. எனினும் இவ்வினா முற்றும் தீர்ந்ததென யாம் துணியோம்.

புறத்தார் விசுவாசம்

இயேசுநாதர் பெரிதென வியந்த விசுவாசம் இரண்டு. ஒன்று கப்பர்நகூமில் இருந்த நூற்றுக்கு அதிபதியினது. அவன் இசுரவேலனல்லன், நாட்டை அடக்கியாண்டார்தம் படைத்தலைவன். இத்தகைய விசுவாசத்தை இசுரவேலருள்ளும் காணவில்லை என்பது அவர் கூற்று. மற்றொன்று கானானியப் பெண்ணொருத்தியினது. இருவரும் அச்சமயக் கொள்கைகளைக் கற்றவரல்லர். குலத்தாலும் வழிபாட்டாலும் அயலார். ஒருவன் தன் வேலையாளுக்காகவும், ஒருத்தி தன் மகளுக்காகவும் இரந்தனர். ஒரு சமயத்தின் பெயரைத் தாங்குதல் விசுவாசமாகாது, அப்பெயரின்மை விசுவாசத்திற்குத் தடையுமாகாது என்பதற்கு இவை போதிய சான்று.

ஆயினும் ஒன்றை ஒளித்தல் நடுநிலையன்று. இயேசுவின் நாமமன்றி வேறு நாமத்தால் மீட்பில்லை என்னும் கருத்தும் அப்போஸ்தலர் நடபடிகளின் 4-ஆம் அதிகாரத்தில் உளது. அதற்கு நாம் உடன்படோம். கிறித்தவ அறிஞரும் இதனை ஒருபடித்தாகக் கொள்வதில்லை. தம் குற்றமின்றிச் சுவிசேடத்தை அறியாதிருந்து, உண்மை நெஞ்சோடு கடவுளைத் தேடி மனச்சான்றின்படி நடப்போரும் மீட்புப் பெறக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டில் உரைத்தது. நூற்றுக்கு அதிபதியின் வரலாற்றோடு இயைவது இவ்வுரையே என்பது எம் கருத்து.

ஒருவர் வாழ்க்கை

மறைநூற் கருத்து வாழ்க்கையில் உரைகல்லில் இடப்பட்ட காலமொன்றுண்டு. செர்மனியில் 1933-ஆம் ஆண்டில் இட்லர் ஆட்சியேறியபொழுது அந்நாட்டு மக்களிற் பெரும்பாலார் திருமுழுக்குப் பெற்ற கிறித்தவர். விசுவாச அறிக்கையில் ஒரு சொல்லும் பிழையாது ஓதியவர் பலர், யூதர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டு வாளாவிருந்தனர். லூத்தரின் கொள்கையை வழிவழி ஏற்ற அந்நாட்டில், 1906-ஆம் ஆண்டிற் பிறந்த தீட்ரிக் பொன்னேபர் என்னும் லூத்தரன் சமய அறிஞர் 1937-ஆம் ஆண்டில் சீடத்துவம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். விலையின்றி மலிவாக வழங்கப்படும் அருளே திருச்சபையின் கொடும்பகை என்றும், நம்புதலும் கீழ்ப்படிதலும் ஒன்றையொன்று விட்டுப் பிரியா என்றும் அதன்கண் அவர் நிறுவினார்.

1939-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்றார். ஆண்டே தங்கியிருப்பின் உயிர்க்கு ஏதமில்லை. சில கிழமைகளில் தாய்நாட்டிற்கு மீண்டார். தம் மக்களின் துன்பத்திற் பங்குகொள்ளாதான் பின்னர் அவர்தம் வாழ்வைப் புதுக்குவதிற் பங்குகொள்ள உரிமையிலன் என்பது அவர் கூறிய காரணம். 1943-ஆம் ஆண்டு ஏப்பிரலிற் சிறைப்பட்டார். 1945-ஆம் ஆண்டு ஏப்பிரல் 9-ஆம் நாள் பிளாசன்பர்க்கு முகாமில் தூக்கிலிடப்பட்டார். வாளாவிருந்தாரும் இவரும் ஓதிய அறிக்கை ஒன்றே. எழுத்தளவில் வேற்றுமை சிறிதுமில்லை. வேற்றுமை யாண்டு நின்றதோ ஆண்டே விசுவாசம் நின்றது.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றாற் போந்தது இது. கிறித்தவ மறை கூறும் மெய்விசுவாசம் கொள்கையை ஒப்புதல் மாத்திரையன்று. கடவுளைத் தளராது பற்றி நிற்றல். அஃது அன்பாகிய செயலில் உயிர்க்கும். அச்செயலைக் கணக்கிட்டுக் கூலி கேளாது. வேண்டியது கிடையாதொழியினும் விடாது. தன் ஐயத்தை மறையாது. பிறன் துன்பத்தைக் காணுங்கால் வாளாவிராது. ஆகவே, அம்மறை ஒழுக்கத்தை விலக்கி வெறும் நம்பிக்கையை நாட்டுகின்றது என்னும் குற்றம் அம்மறைக்குப் பொருந்தாது. அப்பெயர் தாங்கினார் பலர்க்குப் பொருந்தும். அதனை முதற்கண் எடுத்துரைத்தவரும் யாக்கோபு முதலிய அச்சமயத்தாரேயன்றிப் புறத்தார் அல்லர்.

கடவுள், உயிர், உலகு என்பவற்றின் இயல்பு பற்றியும், மீட்பின் வழி பற்றியும் நமக்கும் அவர்க்கும் உள்ள வேற்றுமைகள் பல. அவற்றை ஈண்டு மறைத்தோமல்லோம். வாதிக்க வேண்டிய இடத்து அவற்றை வைத்தே வாதித்தல் தகும். இல்லாத குற்றத்தை ஏற்றி வெல்லுதல் எளிது. அவ்வெற்றியால் நம் நூல்களுக்கு வரும் பெருமை ஒன்றுமில்லை.

எஞ்சுவது ஒன்று. யாக்கோபு தம்மவரை நோக்கி விடுத்த வினா நம் வாயிலின்கண்ணும் வந்து நிற்கின்றது. சாத்திரங்களைப் பிழையின்றி உரைப்போம், மாறுகொள்வாரைத் தருக்கத்தால் மடக்குவோம். பசித்து வந்தவன் திருமடத்து வாயிலினின்று வெறுங்கையனாய்த் திரும்புவானாயின் நம் அறிவு எத்தகைய அறிவு? பிறர் மறையைக் கற்றதனால் நாம் பெறத்தக்க பெரும்பயன், அவ்வினாவை நம்மையே கேட்கப்பட்டதாகக் கொண்டு விடைகூற முயல்வதே என்க.